புதுமைத் திறன் யார் வீட்டுச் சொத்து? சேலம் கல்லூரிகளை முன்வைத்து

சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது 1943-இல். இரண்டாம் உலகப் போரினால் வெளிநாட்டு மாவு வகைகளும் ஜவ்வரிசியும் வருவது நின்றுபோயிருந்தது. மீன் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்துகொண்டிருந்த மாணிக்கம் செட்டியார், அங்கே கிடைத்த மரவள்ளிக் கிழங்கு மாவை இறக்குமதி மாவுக்கு மாற்றாக விற்கலாம் என்று கண்டுகொண்டார். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவுக்கு அந்த மாவைத் தயாரிக்கும் முறை தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்தார்கள். உற்பத்தியைப் பெருக்கும்படி இயந்திரங்களைத் திருத்திக் கொடுத்தவர் வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக். அடுத்த ஆண்டே உணவுப் பஞ்சம் வந்தது. கிழங்கு ஏழைகளின் சாப்பாடு, அதை ஆலைக்கு அனுப்பக் கூடாது என்று கலெக்டர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கமாகத் திரண்டு மேலே முறையிட்டு அந்தத் தடையை நீக்க வைத்தார்கள். 1981-இல் ஜவ்வரிசி (சேகோ) உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்ததும், 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் இதன் தொடர்ச்சிதான்.

இந்தக் கதையில் வருகிற திறமைகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒரு ஊரில் பார்த்த பொருளை இன்னொரு ஊரின் தேவையோடு இணைத்துப் பார்த்தது. தனக்குத் தெரியாததைத் தெரிந்த ஆளைத் தேடிச் சேர்த்துக்கொண்டது. இருக்கிற இயந்திரத்தைப் பிரித்து மாட்டிச் சரிசெய்தது. அரசாங்கம் மறித்தபோது கூடிப் பேசி வழி உண்டாக்கியது. இன்றைக்குக் கல்லூரிகளில் ‘புதுமைத் திறன்’ என்று பயிற்சி கொடுக்கிறார்களே, அந்தக் கையேடுகளில் இருப்பவையும் கிட்டத்தட்ட இவைதான்: கூர்ந்து கவனிப்பது, கேள்வி கேட்பது, தொடர்பில்லாதவற்றை முடிச்சுப் போடுவது, செய்து பார்ப்பது, ஆட்களைத் திரட்டுவது.

மாணிக்கம் செட்டியாரையும் வெங்கடாசலக் கவுண்டரையும் போன்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். அவர்களோடு தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி விவசாயி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். 2021–22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்திய சராசரி 28.4. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளுக்காக 1997-இல் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 1966-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1958-இல் தொடங்கிய தியாகராஜர் பாலிடெக்னிக் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். உள்ளே போன பிறகு எந்தத் திறமைக்கு மதிப்பு, எது கண்ணிலேயே படாமல் போகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

இதை விளங்கிக்கொள்ளப் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு ஒரு நல்ல கருவியைக் கொடுத்திருக்கிறார். தென்மேற்கு பிரான்சின் ஒரு கிராமத்தில் தபால் ஊழியரின் மகனாக 1930-இல் பிறந்தவர். வட்டார மொழிப் பேச்சோடு வளர்ந்து, பாரிஸின் மிகப் பெரிய கல்வி நிறுவனம் ஒன்றில் படித்தவர். அங்கே தன்னோடு படித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு இயல்பாக வந்த பேச்சும் தோரணையும் தனக்கு எவ்வளவு தொலைவில் இருந்தன என்பதை அனுபவித்தவர். 1960-களில் பிரான்சில் மாணவர் சேர்க்கை வேகமாகக் கூடியபோதும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் பின்னாலேயே நின்றார்கள். ஏன் என்று ஆராய்ந்தபோது அவர் வந்து சேர்ந்த கருத்துதான் ‘பண்பாட்டு மூலதனம்’. காசும் நிலமும் மட்டும் சொத்து இல்லை. எந்தச் சபையில் எப்படிப் பேசுவது, எதை ரசிப்பது, யாரிடம் எதைக் கேட்பது என்ற பழக்கங்களும் சொத்துதான். அவையும் அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகின்றன. ஆனால் இந்தச் சொத்து கைமாறுவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதனால் அதை வைத்திருப்பவரை எல்லாரும் ‘பிறவித் திறமைசாலி’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த மூலதனத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு என்றார் பூர்தியு. ஒன்று, உடம்பிலும் மனதிலும் ஊறிப்போன பழக்கம். இரண்டாவது பொருள்: புத்தகம், கருவி, கணினி. மூன்றாவது, ஒரு நிறுவனம் முத்திரை குத்திக் கொடுப்பது: பட்டம், சான்றிதழ், விருது. மூன்றாவதையும் இரண்டாவதையும் ஒரு உத்தரவு போட்டோ ஒரு நிதி ஒதுக்கியோ கொடுத்துவிடலாம். முதலாவதை அப்படிக் கொடுக்க முடியாது. அது வருவதற்கு வருஷக்கணக்கில் நேரம் செலவழித்தாக வேண்டும், அந்த நேரம் வீட்டில் கிடைத்ததா இல்லையா என்பதில்தான் பெரிய வித்தியாசமே விழுகிறது.

நம் கல்லூரிகளில் கடந்த பத்து ஆண்டுகளாகப் புதுமைக்கென்று நடந்திருப்பவற்றை இந்த மூன்றோடு பொருத்திப் பாருங்கள். 2017 முதல் மத்திய அரசின் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் என்ற மாணவர் போட்டி நடக்கிறது. 2018-இல் கல்வி அமைச்சகத்தில் புதுமைப் பிரிவு தொடங்கி, கல்லூரிதோறும் புதுமைக் குழு அமைக்கச் சொன்னார்கள். 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் வந்தது. ஆய்வகத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்திருக்கிறது. சுவர் நிறையச் சான்றிதழ்கள் தொங்குகின்றன. இவற்றால் பயன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நாமக்கல்லிலோ மேச்சேரியிலோ இருந்து வந்த ஒரு பையன் முதன்முதலில் ஒரு சென்சாரைத் தொட்டுப் பார்த்தது இந்த ஆய்வகங்களில்தான். ஆனால் இவை எல்லாமே பூர்தியு சொன்ன இரண்டாவது, மூன்றாவது வடிவங்கள். முதல் வடிவம் ஏற்கெனவே கைவசம் இருக்கிற மாணவருக்கு இவை ஏணியாகின்றன. இல்லாதவர் பார்வையாளராக நின்றுவிடுகிறார்.

ஒரு யோசனைப் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு அணிக்கு ஏழெட்டு நிமிடம். ஸ்லைடுகள் ஆங்கிலத்தில். முதலில் வந்தவர்கள் வீட்டுக்கு மளிகை கொண்டுவந்து கொடுக்கும் செயலி ஒன்றைப் பற்றிப் பேசினார்கள். புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சில் தடங்கல் இல்லை, நடுவர் குறுக்கே கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் வருகிறது. அடுத்து வந்த மாணவர் சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறை வீட்டுப் பையன். வெள்ளிக் கொலுசில் இணைப்புக்குப் பொடி வைத்து ஊதும்போது வரும் புகையை உறிஞ்சி, பறக்கும் வெள்ளித் தூளையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு சின்னப் பெட்டி அவருடைய யோசனை. பட்டறைத் தரையைக் கூட்டி அள்ளுகிற குப்பையைக்கூட வெள்ளி எடுப்பவர்கள் விலைக்கு வாங்கிப் போவார்கள் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒரு நாள் வேலையில் எவ்வளவு தூள் வீணாகும், அம்மாவுக்கு எந்த மாதத்தில் இருமல் அதிகமாகும், அதுவும் தெரியும். நடுவர் ஆங்கிலத்தில் சந்தை அளவு என்னவென்று கேட்டார். பையன் விழித்தார். தங்கள் தெருவில் எத்தனை பட்டறை, பனங்காட்டில் எத்தனை, செவ்வாய்ப்பேட்டையில் யார் யார் பெரிய கை என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தும், நடுவர் கேட்டது அதைத்தான் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பரிசு மளிகைச் செயலிக்குப் போனது.

நடுவர் மேல் பழி போட்டுப் பயனில்லை. அவர் கையிலிருந்த மதிப்பெண் தாளில் ‘விளக்கும் திறன்’, ‘தன்னம்பிக்கை’ என்று கட்டம் இருந்தது. ‘பிரச்சினையை எவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்கிறார்’ என்று ஒரு கட்டம் இல்லை. தாளைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான். ஆனால் அந்தக் கட்டங்களை நிரப்பும் பயிற்சி சிலருக்கு மட்டும் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. பூர்தியு சொல்லவந்தது இதைத்தான்.

தறிக்காரர் வீடுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அம்மாப்பேட்டை, குகை, இளம்பிள்ளைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஜக்கார்டு பெட்டி பழக்கமானது. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியில் துளை போட்ட அட்டைகள் மாலைபோலக் கோத்துத் தொங்கும். ஒரு அட்டைக்கு ஒரு ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல் ஒரு தடவை. துளை இருக்கிற இடத்தில் கொக்கி மேலே போகும், அதோடு நீளவாக்கில் ஓடும் அந்தப் பாவு நூலும் மேலே தூக்கப்படும். துளை இல்லாத இடத்தில் நூல் கீழேயே நிற்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகளில் ஒரு மயிலையோ மாங்காயையோ முந்தானையில் வரைந்துவிடலாம். 1804-இல் பிரான்சின் ஜக்கார் செய்த இந்த ஏற்பாட்டிலிருந்துதான் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு அட்டையை எடுத்தார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டுவந்தார். கணினி வரலாற்றின் முதல் பாடத்தில் இது வரும். சேலத்துக் கல்லூரிகளிலும் நடத்துகிறார்கள். பாடத்தில் ஒரு பிரான்சுத் தறியின் மங்கிய படம் இருக்கும். வகுப்பின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண், அட்டை அடிப்பவரிடம் போய் டிசைன் மாற்றிக்கொண்டு வந்தவராக இருப்பார். தப்பான துளை ஒன்று விழுந்தால் சேலையில் எங்கே கோடு ஓடும் என்பதைப் பார்த்து, எந்த அட்டையில் பிழை என்று பின்னோக்கித் தேடிக் கண்டுபிடித்தவராகவும் இருப்பார். நிரல் எழுதுகிறவர்கள் பிழை தேடுகிற வேலை அதேதான். ஆனால் அவர் வகுப்பில் வாய் திறக்கமாட்டார்.

வெட்கம் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் முடிவு இருக்கிறது. தறிச் சத்தத்தில் காது போன அப்பா, ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றியே கை வலி கண்ட அம்மா, இரண்டு பேரும் சேர்ந்து சொன்னது இதுதான்: “நாங்க பட்டது போதும், நீ தறிப்பக்கமே வராதே.” கடன் வாங்கிக் கட்டணம் கட்டியதே தறியை விட்டு அந்தப் பெண் விலகிப் போக வேண்டும் என்பதற்காக. தறியிலிருந்து எவ்வளவு தூரம் போகிறாரோ அவ்வளவு பட்டத்துக்கு மதிப்பு என்று வீடு நினைக்கிறது, கல்லூரியும் நினைக்கிறது. அப்படியிருக்க, வகுப்பில் எழுந்து “எங்கள் வீட்டில் இந்தப் பெட்டி இருக்கிறது” என்று சொல்வது அவருக்கு எளிதான காரியம் இல்லை. அதில் சாதியும் கலந்திருக்கிறது. யார் தறிக்காரர், யார் பட்டறைக்காரர் என்று சொன்னாலே சாதி தெரிந்துவிடும் ஊர் இது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாக இந்தப் பிள்ளைகளை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். வெண்ணெய் என்று அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவே இல்லையே.

பட்டறை அறிவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. பட்டறையில் கற்கும் பழக்கத்துக்குள் அடி உதையும் இருக்கிறது, பெண்களின் வேலைக்குக் குறைந்த கூலியும் இருக்கிறது, பக்கத்துத் தெருக்காரனின் டிசைனை அப்படியே இறக்கிவிடுவதும் இருக்கிறது. “ஏன் இப்படிச் செய்கிறோம்?” என்று கேட்டால் “அப்பா அப்படித்தான் செய்தார்” என்ற பதிலோடு நின்றுவிடுவதும் உண்டு. கல்லூரி தரவேண்டியது அங்கேதான் இருக்கிறது: கைக்குத் தெரிந்ததை அளந்து பார்ப்பது, எழுதிவைப்பது, வேறொரு இடத்தில் பொருத்திப் பார்ப்பது. இளம்பிள்ளையில் இப்போது பல தறிகளில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. டிசைன் கணினியிலேயே போடப்படுகிறது. அட்டை அடித்த கை மவுஸுக்கு மாறிய அந்த மாற்றம் கல்லூரியின் துணை இல்லாமல் நடந்தது. கல்லூரி கூட நின்றிருந்தால் அங்கேயே மென்பொருள் எழுதுகிற பிள்ளைகள் உருவாகியிருக்கலாம்.

சின்ன வயதில் எதைப் பார்த்து வளர்கிறோம் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு ஒரு கனமான ஆய்வு இருக்கிறது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் 12 லட்சம் கண்டுபிடிப்பாளர்களின் காப்புரிமைப் பதிவுகளை வரிக் கணக்குகளோடு இணைத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டது. வருமானத்தில் மேல் 1 சதவீதக் குடும்பத்தில் பிறந்த குழந்தை, கீழ்ப் பாதியில் பிறந்த குழந்தையைவிடக் கண்டுபிடிப்பாளராக ஆவதற்கு 10 மடங்கு வாய்ப்பு அதிகம். அறிவு வித்தியாசம்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மூன்றாம் வகுப்புக் கணக்கில் ஒரே அளவு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளிடையேயும் இந்த இடைவெளி இருந்தது. ஒரு குறிப்பிட்ட துறையில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் நிறைய இருக்கும் ஊரில் வளர்ந்த சிறுமிகள், வளர்ந்ததும் அதே துறையில் கண்டுபிடிப்பவர்களாக ஆனார்கள். அந்த ஊரில் ஆண் கண்டுபிடிப்பாளர்கள் எத்தனை பேர் இருந்தாலும் சிறுமிகளிடம் அந்த மாற்றம் வரவில்லை. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதுதான் ஊறுகிறது.

சேலத்திலேயே இதன் இரண்டு முனைகளும் உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கிய டி. ஆர். சுந்தரம் வசதியான நூல் வணிகக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். ஏற்காடு அடிவாரத்தில் 1930-களில் ஒரு சினிமா ஸ்டுடியோவைத் தொழிற்சாலை ஒழுங்கில் நடத்தினார். முதல் மலையாளப் பேசும் படத்தை எடுத்தது அந்த நிறுவனம்தான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. குடும்பப் பணம், வெளிநாட்டுப் படிப்பு, உலகம் பார்த்த தைரியம் மூன்றும் கூடிவந்த புதுமை அது. மாணிக்கம் செட்டியாரும் வெங்கடாசலக் கவுண்டரும் இன்னொரு முனை. ஊர் இரண்டையும் வளர்த்திருக்கிறது. கல்லூரிகள் முதல் வகையை மட்டுமே அடையாளம் காணப் பழகியிருக்கின்றன.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதுமை மையங்கள் பெரும்பாலும் உயிர் பெறுவது வகுப்பு முடிந்த பிறகுதான். ஆனால் கல்லூரிப் பேருந்து நாலு, நாலரைக்குக் கிளம்பிவிடும். வாழப்பாடிக்கோ எடப்பாடிக்கோ போகவேண்டிய மாணவி அதை விட்டால் இரண்டு பேருந்து மாற வேண்டும். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது பெரிய உதவி. ஆனால் இருட்டிய பிறகு வீடு சேரும் கவலைக்கு இலவச டிக்கெட் மருந்து இல்லை. வீட்டுக்குப் போனதும் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும், தார் சுற்ற வேண்டும். விடுதியில் தங்கிய பையன்கள் இரவு பத்து மணிவரை ஆய்வகத்தில் உட்கார்ந்து ‘ஆர்வமுள்ளவர்கள்’ என்று பெயர் வாங்குகிறார்கள். அந்த ஆர்வத்தில் பாதி நேர வசதி. கடைசி ஆண்டில் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கும் பிள்ளைகளைத் திட்டுகிறோம். வழிகாட்டும் ஆசிரியருக்கும் நேரமில்லை, தனக்கும் நேரமில்லை என்று ஆகும்போது அவர்கள் போகிற இடம் அது.

ஆசிரியர்கள் பக்கம் வருவோம். அவர்களிடையேயும் புதுமை ஒரு மூலதனமாகத்தான் புழங்குகிறது, அங்கே அதற்குப் பெயர் பேட்டன்ட், அதாவது காப்புரிமை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் ஆய்வு மதிப்பெண் கணக்கில் காப்புரிமைக்கு இடம் உண்டு. தேசியத் தர மதிப்பீட்டிலும் தரவரிசையிலும் அதைக் கேட்கிறார்கள். 2021-இல் மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்து, இணையவழியில் 8,000 ரூபாயாக இருந்ததை 1,600 ஆக்கியது. ஏழைக் கல்லூரியும் விண்ணப்பிக்க முடிய வேண்டும் என்ற நல்ல நோக்கம். அதற்கப்புறம் நடந்ததைப் புரிந்துகொள்ள நடைமுறை தெரிய வேண்டும். விண்ணப்பம் போட்டு 18 மாதம் கழித்து அது காப்புரிமை இதழில் வெளியாகும். தனிக் கட்டணம் கட்டினால் சீக்கிரமே வெளியாகிவிடும். வெளியாவது என்றால் இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது என்ற அறிவிப்பு, அவ்வளவுதான். அது புதியதா, பயன்படுமா என்று பரிசோதிக்கத் தனியாகக் கேட்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம், ஆட்சேபங்களுக்குப் பதில், வருடக்கணக்கான காத்திருப்பு. அதெல்லாம் தாண்டித்தான் உரிமை கிடைக்கும். ஆனால் ‘வெளியானது’ என்ற முதல் படியே பல இடங்களில் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஒரே விண்ணப்பத்தில் வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த எட்டுப் பத்து ஆசிரியர்களின் பெயர் வருகிறது. பரிசோதனைக்குக் கேட்காமலே அந்த விண்ணப்பம் காலாவதியாகிறது. சுயவிவரத்தில் மட்டும் அது நிரந்தரமாக இருக்கும்.

இதில் அதிகம் நஷ்டப்படுகிறவர் உண்மையாகவே ஏதாவது செய்துகொண்டிருக்கும் ஆசிரியர். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது விதி. அதற்கு மேல் விடைத்தாள், ஆவணங்கள், தரமதிப்பீட்டுக்கான கோப்புகள். கௌரவ விரிவுரையாளருக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பதே தெரியாது. ஆறு வருஷம் எடுக்கும் ஒரு ஆய்வை எந்த நம்பிக்கையில் தொடங்குவார்? கிழங்கில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையான திப்பியிலிருந்து ஏதாவது செய்யலாமா என்று ஒரு சேகோ ஆலையோடு பேசிப் பேசி இரண்டு வருஷம் செலவழித்த ஆசிரியரிடம் காட்டுவதற்கு ஒரு எண்ணும் இருக்காது. நாலு பேரோடு பெயர் சேர்த்துக்கொண்டவரிடம் நாலு எண் இருக்கும். மாணவர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். புதுமை என்றால் காகிதத்தில் காட்டுவது என்று ஆசிரியரின் நடப்பிலிருந்தே கற்றுக்கொள்கிறார்கள். அப்படிக் கற்றதும் ஊறிவிடும்.

பூர்தியுவின் கருத்துக்கு ஒரு முக்கியமான மறுப்பு உண்டு. அமெரிக்க ஆய்வாளர் டாரா யோசோ 2005-இல் அதை எழுதினார். மேல்தட்டுப் பழக்கங்களை மட்டும் மூலதனம் என்று எண்ணிவிட்டு, மற்றவர்களை இல்லாதவர்கள் என்று பார்ப்பது தவறு. ஒடுக்கப்பட்ட சமூகங்களிடமும் கனவு காணும் தெம்பு, பல மொழித் திறன், உறவு பலம், தடைகளைத் தாண்டும் சாமர்த்தியம் என்று பல செல்வங்கள் இருக்கின்றன என்பது அவர் வாதம். அதற்கு முன்பே 1992-இல் லூயிஸ் மோல் குழுவினர் அரிசோனாவின் டூசான் நகரத்தில் ஒரு காரியம் செய்து பார்த்திருந்தார்கள். மெக்சிகோ வம்சாவளி உழைப்பாளிக் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களையே ஆய்வாளர்களாக அனுப்பினார்கள். பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்ல அவர்கள் போகவில்லை, கற்றுக்கொள்ளப் போனார்கள். விவசாயம், கட்டுமானம், வணிகம், வீட்டு வைத்தியம் என்று அந்த வீடுகளில் இருந்த அறிவைக் குறித்துக்கொண்டு வந்து பாடத்தை அதன் மேல் கட்டினார்கள். எனக்கு இந்த மறுப்பு சரியென்றே படுகிறது, ஒரு நிபந்தனையோடு. வீட்டில் இருக்கும் அறிவு தானாக மூலதனம் ஆகாது. நிறுவனம் அதை எண்ணிக்கையில் எடுத்துக்கொண்டால்தான் ஆகும்.

எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சேலம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் காணப்பட்டு, தமிழ்நாட்டுக் கிழங்கு வயல்களிலும் பரவியது. நுனிக் குருத்து சுருண்டு முடிச்சு விழுந்து செடி குட்டையாகிப் போனது. தென் அமெரிக்காவில் தோன்றிய இந்தப் பூச்சி 1970-களிலேயே ஆப்பிரிக்காவை ஆட்டிவைத்தது. அதன் பூர்வீகத்திலிருந்தே கொண்டுபோன ‘அனகைரஸ் லோபேசி’ என்ற பொடிக் குளவிதான் அங்கே அதை அடக்கியது. அந்தக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு ஆய்வு நிறுவனம் வரவழைத்து வளர்த்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு வயலில் விட்டார்கள். குளவி விட்ட வயலில் மருந்து அடித்தால் குளவியும் செத்துவிடும். ஆக விவசாயி நம்பி, மருந்தடிப்பதை நிறுத்தி, குருத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னால்தான் இந்த அறிவியல் வேலை செய்யும். முள்ளுவாடி, குங்குமரோஸ், வெள்ளை ரோஸ் என்று ரகம் ரகமாகக் கிழங்கைப் பிரித்துப் பேசத் தெரிந்தவரின் கண் இங்கே ஆய்வின் ஒரு பாகம். அந்த விவசாயியின் மகள் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தால், அவருடைய ப்ராஜெக்ட் தலைப்பு வீட்டு வரப்பிலேயே இருக்கிறது.

சேர்வராயன் மலையில் இந்த இடைவெளியை ஒரே சாலையில் பார்க்கலாம். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த மலை. 1917-இல் தொடங்கிய மான்ஃபோர்ட் போன்ற உறைவிடப் பள்ளிகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள், அங்கிருந்து கீழே இறங்கிக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. எந்தச் செடி எந்தப் பாறை இடுக்கில் எப்போது பூக்கும் என்று தெரிந்த மலைவாசிப் பிள்ளை, அந்தத் தோட்டத்துக்குள் வேலையாளாகப் போகிறாரா, ஆய்வு மாணவராகப் போகிறாரா என்பதை இடையில் இருக்கும் கல்லூரி தீர்மானிக்கிறது.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏற்கெனவே ஏழு நாள் முகாம் இருக்கிறது. மரம் நட்டு, கோயில் வளாகம் சுத்தம் செய்துவிட்டு வருவதோடு, ஒரு நாள் ஒரு பட்டறையிலோ சேகோ ஆலையிலோ உட்கார்ந்து, அங்கே எது தடங்கல், எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எழுதி வரச் செய்யலாம். ஆசிரியரும் கூடப் போக வேண்டும், டூசான் ஆசிரியர்கள் போனதுபோல. பட்டறை நடத்துகிற பெண்ணை, அட்டை அடிக்கிற பெரியவரை வகுப்புக்கு வரவழைத்து, வெளியிலிருந்து வரும் விருந்தினருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தைக் கொடுக்கலாம். மேடையில் அவர் பக்கத்தில் தன் பேராசிரியர் உட்கார்ந்து குறிப்பெடுப்பதைத் தறிக்காரர் வீட்டுப் பெண் பார்த்தால், அடுத்த வகுப்பில் அவர் வாய் திறக்கும் வாய்ப்பு அதிகம். யோசனைப் போட்டிகளைத் தமிழிலும் பேசலாம் என்று வைத்தால், மாணவரின் ஆங்கிலத்துக்குப் பதில் யோசனையை மதிப்பிட முடியும். ஆங்கிலமும் பேச்சும் தேவைதான், அவற்றைச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நுழைவுச் சீட்டாக வைக்கக் கூடாது. புதுமை மையத்தை மாலையில் வைப்பதற்குப் பதில் வாரத்தில் ஒரு பிற்பகலைக் கால அட்டவணைக்குள்ளேயே கொண்டுவந்தால், பேருந்துப் பிள்ளைகளும் உள்ளே வருவார்கள்.

ஆசிரியர்களுக்கும் இதேபோல ஒன்று. காப்புரிமை விண்ணப்பம் வெளியானதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டு, உரிமை கிடைத்ததையும், உள்ளூர்த் தொழிலில் ஏதாவது ஒன்று உண்மையில் மாறியதையும் எடுத்துக்கொள்ளலாம். பின்னதை அளப்பது கஷ்டம்தான். ஆலைக்காரரிடமோ தறிக்காரரிடமோ ஒரு கடிதம் வாங்கி வைப்பது, எண்களை மட்டும் நம்புவதைவிட நேர்மையானது.

தேர்வுத் தாளில் செய்ய வேண்டிய மாற்றம் ஒன்றும் உண்டு. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டின் உள்மதிப்பீட்டில் அறிக்கை, விளக்கவுரை, வாய்மொழித் தேர்வு என்று கட்டங்கள் இருக்கின்றன. அவற்றோடு களக் குறிப்பேடு என்று ஒன்றைச் சேர்த்து, மாணவர் யாரிடம் பேசினார், எதைப் பார்த்தார், முதலில் நினைத்தது எங்கே மாறியது என்பதற்கு விளக்கவுரைக்குச் சமமான மதிப்பெண் கொடுக்க வேண்டும். இணைவுக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு முடிவெடுக்க வேண்டியிருக்கும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே இதை வைத்துத் தீர்மானம் போட்டு, வருகிற ஜூனில் சேரும் வகுப்பிலிருந்து நடைமுறைப்படுத்தலாம்.